கிரகணத்துக்குக் கூட்டிய அரை மணி

அந்தப் பஞ்சாங்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் அட்டை, மடங்கிப்போன முனை, மலை ஈரத்தில் ஊறிக் காய்ந்த தாள்கள். தமிழ்நாட்டில் அச்சானது. கடல் கடந்து ஊருக்குப் போய்வந்த மாமா வாங்கி வந்து அண்ணியிடம் கொடுத்தார். மார்கழிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நான் போட்ட ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். இரண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவது அப்போதுதான் ஐந்தாம் மாதத்தைத் தொட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து சந்திர கிரகணம் வந்தது. மேல் லயத்து வீட்டு வரிசையில் உதடு பிளந்த பிள்ளை ஒன்று இருந்தது. வயிற்றில் அதைச் சுமந்தபோது அதன் தாய் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்று தோட்டமே பேசியது. உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது. அண்ணி நம்பினார், அவரைப் பார்த்து எனக்கும் பயம் ஒட்டிக்கொண்டது.

நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. எங்கள் லயத்தில் ஒரே குழப்பம். பழைய மணி, புது மணி என்று ஆளுக்கொரு மணி சொன்னார்கள். ஆலைச் சங்கு ஊதினால்கூட, இது எந்த மணிக்கு ஊதுகிறது என்று கேட்டுக்கொண்டே, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஓடினார்கள். எனக்குப் பதினேழு வயது. வீட்டில் அதிகம் படித்தவள் நான்தான் என்ற திமிர் வேறு.

“பாப்பா, நீ படிச்ச புள்ள. எத்தன மணிக்குக் கிராணம் விடுதுன்னு சரியா பாத்துச் சொல்லு லா,” என்றார் அண்ணி.

மூன்று மணி சொச்சம் என்று பஞ்சாங்கம் சொன்னது. நான் பென்சிலை எடுத்துப் புது மணிக்காக அரை மணி கூட்டினேன். மற்றவர்கள் மறந்துவிடுவதை நான் மறக்கவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

அன்று அண்ணனுக்கு ஆலையில் இரவு வேலை. சன்னல் இடுக்குகளில் துணியை அடைத்துவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி கத்தியைத் தொடவில்லை, தலை சொறியக்கூட யோசித்தார். நாலரை தாண்டியது. தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பெரட்டுக்குக் கிளம்ப வேண்டும். “போலாமா?” என்று தயங்கினார். “விட்டு ஒரு மணி நேரமாச்சு அண்ணி, வாங்க,” என்று கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

பைப்படியில் வாளியை வைத்துவிட்டு அண்ணி அண்ணாந்து பார்த்தார்.

“பாப்பா, நெலாவுல ஒரு ஓரந்தானே இருக்கு?”

நானும் பார்த்தேன். மெல்லிய கீற்று ஒன்று மட்டும் வெளிச்சமாக இருந்தது. மீதியெல்லாம் துருப் பிடித்த தகரம்போல் மங்கியிருந்தது.

“பனி அண்ணி. மூடிக்கிட்டுப் போவுது.”

எங்கள் மலையில் பனி நிலாவை விழுங்குவது புதிதல்ல. அதனால் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையில் அப்படி நம்பினேனா, நம்ப வேண்டும் என்று நம்பினேனா, இன்றுவரை பிடிபடவில்லை. அண்ணி தலையைக் குனிந்துகொண்டு வாளியை நிரப்பினார்.

மாலை வானொலிச் செய்தியில் சொன்னார்கள், கிரகணம் முழுதாக விடும்போது காலை ஐந்தரை மணி தாண்டிவிட்டதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய மணியிலேயே இந்தியா நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால். ஒரே நிலா, ஒரே நிழல், மணி மட்டும் ஊருக்கு ஊர் வேறு. நான் அரை மணியைக் கூட்டி, இரண்டு மணியை விட்டுவிட்டேன். அடுப்படியில் அண்ணி தாளித்துக்கொண்டிருந்தார். ரேடியோவை அணைத்துவிட்டு, பேட்டரி போய்விட்டது என்றேன்.

அடுத்த நான்கு மாதம் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி வயிற்றைத் தடவிக்கொண்டு சிரிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவேன். தானா ராத்தா மருத்துவமனையில் பெண் பிறந்தது. துணியை விலக்கி முதலில் உதட்டைத்தான் பார்த்தேன். முழுசாக இருந்தது. விரல்களை எண்ணினேன், காதுகளைத் தொட்டுப் பார்த்தேன், பிறகு அங்கேயே நின்று அழுதேன். அண்ணி பிள்ளையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது பிள்ளை உண்டாகியிருக்கிறாள். போன மாதம் ஒரு கிரகணம் வந்தது. அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“எத்தன மணிக்கு விடுதுன்னு பாத்துச் சொல்லு பாப்பா.”

கைப்பேசியைப் பார்த்து நேரத்தைச் சொன்னேன். அண்ணி விடவில்லை.

“அது நம்ம மணியா, இந்தியா மணியா? நல்லா பாத்துச் சொல்லு லா. இந்தத் தடவ பனின்னு சொல்லிறாத.”

இத்தனை வருடம் நான் அண்ணிக்காக மறைத்தேனா, அண்ணி எனக்காக மறைத்தாரா என்று யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. பெட்டியிலிருந்து மஞ்சள் அட்டைப் பஞ்சாங்கத்தை எடுத்து, அந்தப் பென்சில் கணக்கைப் பார்த்தேன்.

“நம்ம மணிதான் அண்ணி,” என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு தடவை சரிபார்த்தேன்.