யார் இந்த மாமி?

கழுத்துப்பட்டியில் தொடங்கி, கைகளுக்கு வந்து, முதுகைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு சிவமலர் கணவர் யோகராஜாவின் சட்டையை மினுக்குகிறார். நீராவி வருகிற நல்ல அயன்தான். என்றாலும் பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர் இருக்கும். விரல் நுனியால் தெளிக்காவிட்டால் அவருக்கு மினுக்கின மாதிரி இருக்காது. கண் மட்டும் தொலைக்காட்சியில். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்காக ஒரே கட்சிக்காரர்கள் மேடையில் வரிசையாக நின்று ஒருவரையொருவர் கடிக்கிறார்கள்.

“அந்த உயந்த மனுசன்ர காற்சட்டையைப் பாருங்கோவன். சப்பாத்துக்கு மேல மடிஞ்சு கிடக்கு. அதை வெட்டித் தைக்க ஆளில்லை, இவர் நாட்டை ஆளப்போறாராம்.”

லண்டனில் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனடியில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் காற்சட்டைகளுக்கு ஓரம் மடித்துத் தைப்பது அவர் வேலை. உலகத்தைக் கணுக்காலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார். கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் கண் முன்னால் நிற்பவரின் சேலைக்கரைக்குப் போய்விடும்.

மேடையின் ஓரத்தில் நிற்கும் சுப்ரியா அவருடைய அண்ணன் மகள். அண்ணன் ஞானேஸ்வரன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கலியாணம் முடித்தார். அங்கே பிறந்த பிள்ளைக்கு ஆறு வயதானபோது இருவரும் பிரிந்தார்கள். வழக்கு முடியும்வரை என்று சொல்லிப் பிள்ளையை லண்டனுக்கு அனுப்பினார்கள். சிவமலருக்குப் பிள்ளை இல்லை. மூன்று வருஷம் அந்த வீட்டில் குளியலறையிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் “மாமி, மாமி” என்ற சத்தம்தான்; அப்பாவின் தங்கை எங்கள் ஊரில் மாமி. பிறகு தாய் வந்து கூட்டிக்கொண்டு போனார். அண்ணனும் கண்ணை மூடிவிட்டார். இப்போது கிறிஸ்மஸுக்கு ஒரு அட்டை வருகிறது, கையெழுத்தும் அச்சடித்ததுதான்.

சுப்ரியா போட்டியில் இறங்கிய நாளிலிருந்து ஊர்ச்சனம் இரண்டுபட்டது. “தமிழ் ஒரு சொல்லும் வராது. பிறகென்னண்டு எங்கட பிள்ளை?” என்றார் கோயில் வாசலில் செல்வரத்தினம்.

“ஒரு சொல் வரும், அண்ணை,” என்று சொல்லிவிட்டுச் சிவமலர் செருப்பைத் தேடிப் போனார்.

அந்த ஒரு சொல்தான் வினையாகியது. பயமில்லாமல் பேச யாரிடம் பழகினீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். “லண்டனில், என் மாமியிடம்,” என்றாள் சுப்ரியா. மற்றதெல்லாம் ஆங்கிலம், ‘மாமி’ மட்டும் தமிழ். சிவமலர் அயனைச் சட்டையிலேயே வைத்துவிட்டு நின்றார். யோகராஜாவின் நீலச் சட்டை அன்றைக்குக் கருகியது.

ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு மாமி என்றால் அம்மா. மறுநாள் ஒரு சானல், ஸ்பானிஷ் சனத்தின் வாக்குக்காக வேஷம் போடுகிறாள் என்றது. இன்னொன்று, பெற்ற தாயை ஒளித்துவிட்டு வேறு ஒரு தாயைக் காட்டுகிறாள் என்றது. முந்தின மாதம் அவள் சேலை கட்டாததற்கு ஏன் கட்டவில்லை என்றும், கட்டியபோது ஏன் கட்டினாள் என்றும் கேட்டவர்கள்தான் இவர்கள். சேலையைப் பற்றிச் சிவமலருக்கு இருந்த முறைப்பாடு வேறு. “ஊசி குத்தத் தெரியாத ஆரோ உடுத்திவிட்டிருக்கினம்.”

‘யார் இந்த மாமி?’ என்ற கேள்வி திரையின் அடியில் ஓடியபடியே இருந்தது. கேமராவோடு ஒரு பெண் வீட்டுக் கதவையும் தட்டினாள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற யோகராஜாவுக்குப் பொழுதுபோக வேண்டுமே. “இந்த ரோட்டில பாதிப்பேர் மாமிதான், தங்கச்சி. உனக்கு எந்த மாமி வேணும்?” என்றார் தமிழிலேயே. அவள் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

சிவமலர் வாய் திறக்கவில்லை. ஒருவரிடமும் பேச வேண்டாம், நாங்கள் சரிசெய்கிறோம் என்று சுப்ரியாவின் தேர்தல் ஆட்கள் போனில் சொல்லியிருந்தார்கள். சரிசெய்தும்விட்டார்கள். அடுத்த கூட்டத்தில், “என் அப்பாவின் தங்கை, என் ஆன்ட்டி,” என்றாள். நல்ல கைதட்டல். சானல்கள் வேறு விஷயத்துக்குப் போயின. கருத்துக்கணிப்பில் அவள் இரண்டாம் இடத்துக்கு ஏறினாள்.

“வெல்லுவாள் போல கிடக்கு,” என்றார் யோகராஜா.

“வெண்டால் எனக்கென்ன, தோத்தால் எனக்கென்ன. ஒருக்கா என்னை மாமியெண்டு கூப்பிட்டாளெண்டால் காணும்.”

“ஆன்ட்டியும் மாமியும் ஒண்டுதானே, மலர்?”

“கடைக்கு ஜீன்ஸ் கொண்டு வாற பெடியளும் என்னை ஆன்ட்டி எண்டுதான் கூப்பிடுறாங்கள்.”

முக்கியமான ஒரு மாநிலத்தின் வாக்களிப்புக்கு முதல்நாள் பின்னேரம், பக்கத்து வீட்டில் இருக்கும் நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சுப்ரியாவே வீடியோவில் எடுத்தாள். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. யாரோ ஒரு கை அவள் கன்னத்தில் பவுடர் பூசிக்கொண்டிருந்தது. “ஆன்ட்டி, என்னோடு கோபமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நோ கோபம், பிள்ளை,” என்றார் சிவமலர். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். “கோல் மீ மாமி. ஒருக்கா. ஜஸ்ட் ஒருக்கா.”

சுப்ரியா சிரித்தாள். உதடு பிரிந்தது. அப்போது அவள் கண் போனைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற யாரிடமோ போய் வந்தது.

சிவமலர் அதைக் கண்டுவிட்டார். “சரி சரி, வேலையைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு,” என்று அவசரமாகச் சொல்லிப் போனைக் கணவரின் கையில் வைத்தார்.

“ஆன்ட்டி? இருக்கிறீர்களா, ஆன்ட்டி?” என்றது போன்.

“இஞ்சேர், பிள்ளை கூப்பிடுது,” என்றார் யோகராஜா.

கதவு சாத்துகிற சத்தம் போனுக்குக் கேட்டுவிடாதபடி, கைப்பிடியை முழுதும் திருப்பிப் பிடித்து, மெல்ல இழுத்துச் சாத்திக்கொண்டு சிவமலர் வெளியே போனார்.