லிஃப்ட் அண்ணனின் வாய்

"உள்ள யாருங்க? சாப்ட்டாச்சா?"

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட்டின் கதவிடுக்கில் வாயை வைத்து அவர் முதலில் கேட்பது இதுதான். மாட்டிக்கொண்ட மனுஷனிடம் சாப்பாட்டு விசாரணையா என்று உள்ளே இருப்பவர் இவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். "சரிங்க, சொல்லுங்க. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்று இவர் தரையில் சப்பணமிட்டு உட்காருவார். குரல் கொஞ்சம் தணிந்த பிறகே மோட்டார் அறைக்குப் படியேறுவார். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார். "அதைச் சொன்னப்புறம்தான் பாதிப் பேருக்குப் பயமே வரும்" என்பார். கதவு திறந்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்குவார். வெளியே வருகிறவர்களுக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டுமாம்.

லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில்; எங்கள் சபையில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன். சபையின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஜெப விண்ணப்பத்தில் தொடங்கிக் குடுமிப்பிடிச் சண்டையில் முடிகிற குழு அது. யாராவது சூடாக எழுதினால் இவர் ஒற்றை விரலால் பதில் தட்டுவார். ஆனால் உடனே அனுப்ப மாட்டார். சமையலறைக்குப் போய் மனைவிக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கும் அந்த அம்மாள், வாக்கியத்தில் சொத்தை எங்கே என்று கேட்டவுடனே கண்டுபிடித்துவிடுவார். "இந்தப் 'பரவாயில்லை'ல பல்லைக் கடிக்கிற சத்தம் கேக்குதே?" என்பார். இவர் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

"எதுக்கண்ணே இவ்வளவு பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேச்சுல உப்பு இருக்கணும்னுதான் வேதம் சொல்லுது தம்பி. மிளகாய்ப்பொடின்னு எங்கயும் பாக்கல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் இந்த மனிதரைப் பார்த்தால் சில நாள் எரிச்சலாகவே இருக்கும். போன மாதத்துக்குப் பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

அவரே பராமரிக்கும் எங்கள் ஆலயத்து லிஃப்ட் ஆராதனைக்கு முன்னால் நின்றுபோனது. உள்ளே இருந்தது இவருடைய மைத்துனரின் மனைவி, நிறைமாதக் கர்ப்பிணி. மனைவியின் தம்பியான அந்த மைத்துனர்தான் எங்கள் பாடகர் குழுத் தலைவர். லிஃப்ட் அண்ணன் வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து, "சாப்ட்டியா தங்கச்சி?" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் பத்திரமாகத்தான் வெளியே வந்தாள். ஆனால் மைத்துனருக்குக் கோபம் அடங்கவில்லை. அன்று மாலை நண்பர் ஒருவருக்குக் குரல்செய்தி அனுப்பப்போய், சபைக் குழுவிலேயே அனுப்பிவிட்டார்.

"எங்க அத்தானுக்கு வாயில தேன், வேலையில துரு. என் பொண்டாட்டி உள்ள மூச்சு முட்டி நிக்குறா, இவரு என்னடான்னா விருந்துக்கு வந்த மாதிரி சாப்ட்டியான்னு கேக்குறாரு."

அவர் அழிப்பதற்குள் ஊரே கேட்டுவிட்டது. குழு கொதித்தது. அவரைப் பாடகர் குழுவிலிருந்தே தூக்குங்கள் என்றுகூட எழுதினார்கள். மைத்துனர் குழுவைவிட்டு வெளியேறினார். இனி இந்த ஆலயப் படியை மிதிக்க மாட்டேன் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினார். கூடப் பிறந்தவன் என்று அந்த அம்மாளுக்கு இருப்பது அவர் ஒருவர்தான். அழுகையும் ஆத்திரமுமாக, "இன்னைக்கு நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க" என்றாராம்.

இவர் எழுதியது இதுதான்: "லிஃப்ட் நின்னது என் தப்பு. கதவு சென்சாரைத் துடைக்காம விட்டுட்டேன். மச்சான் கோவத்துல நியாயம் இருக்கு. மத்ததை நாங்க வீட்டுல பேசிக்கிறோம். அவரைப் பத்தி இங்க இனி யாரும் எழுத வேணாம், தயவுசெஞ்சு."

மறுநாளே மைத்துனர் வீட்டுக்குப் போய் நேரிலும் மன்னிப்புக் கேட்டார். "உங்க மேல கோவம் போயிடுச்சு அத்தான்" என்றாராம் அவர். "ஆனா எல்லாரும் கேட்டுட்டாங்களே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முன்னாடி வந்து நிப்பேன்?"

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்துவிட்டார். ஆனால் ஆலய வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே வரவும் கால் எழவில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. முதல் பாட்டுக்குக் கீபோர்டு ஒலித்தது. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் குழு விழித்தது. மறுபடியும் ஒலித்தது. சனம் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்க்க ஆரம்பித்தது. அக்கா மட்டும் திரும்பாமல் மடியில் கைகளை இறுக்கிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் அண்ணன் எழுந்தார். அவருக்குப் பாட வராது. அது அவருக்கே நன்றாகத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கீபோர்டு ஒரு பக்கம் போக இவர் இன்னொரு பக்கம் போக, கர்ணகடூரமாக முதல் அடியை எடுத்தார். எல்லாத் தலைகளும் வாசலை விட்டு அவர் பக்கம் திரும்பின. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினார்.

இரண்டாம் அடியை வாசலில் நின்றவரால் பொறுக்க முடியவில்லை. சரியான சுருதியில் ஒரு குரல் எழுந்து, பாடிக்கொண்டே நடு வழியாக முன்னே வந்தது. குழு அதைப் பற்றிக்கொண்டது.

லிஃப்ட் அண்ணன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.