உப்புப் போடும் முன்பே எரிந்த பல்பு

கடலோர ஊரான அக்காள்மடத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியலும் கணக்கும் எடுத்துவந்தேன். அறுபதுகளில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கென்று ஓர் அறிவியல் மையம் தொடங்கினார்கள். கோடை விடுமுறையில் ஆறு வாரம் அங்கேயே தங்கிப் பயிற்சி.

"வாத்திச்சியே பெஞ்சுல போயி ஒக்காரப் போறாளாக்கும்!" என்று, பிறந்த ஊரான நயினார்கோவிலில் என்னைப் பெற்ற அய்யா சிரித்தார். ஆனாலும் பரமக்குடி வரை வந்து ரயிலேற்றிவிட்டது அவர்தான்.

அதுவரை எல்லாச் சோதனைகளையும் கரும்பலகையில் படமாகத்தான் நடத்தியிருந்தேன். மையத்தில்தான் முதன்முதலாக என் கையால் பேட்டரியில் கம்பியைப் பொருத்தினேன். பல்பு எரிந்ததும் முப்பத்திரண்டு வயதில் கைதட்டிவிட்டேன். எங்களுக்குப் பாடம் எடுத்த விரிவுரையாளர் என்னைவிட இளையவர். "உங்க பிள்ளைங்களும் இப்படிக் கைதட்டணும் டீச்சர்" என்றார்.

அந்த ஆண்டே அவர் சோதனைச் சாமான் பெட்டியோடு எங்கள் பள்ளிக்கு வந்தார். குவளையில் தண்ணீர் கேட்டார், மொண்டு கொடுத்தேன்.

"வெறும் தண்ணியில பல்பு எரியாது. உப்பைப் போட்டா எரியும், பாருங்க" என்று, பேட்டரியோடும் பல்போடும் இணைத்த இரண்டு தகடுகளை உள்ளே இறக்கினார். உப்பு இன்னும் பொட்டலத்திலேயே இருந்தது. பல்பு மங்கலாக எரிந்தது.

அவர் முகம் சிவந்துவிட்டது. குவளையைக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றினார். அப்போதும் எரிந்தது. மீன்பிடிக் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், இது எங்க பள்ளிக்கூடத்துக் கெணத்துத் தண்ணி. வாயில வச்சுப் பாருங்க!"

ஒரு சொட்டு நாக்கில் வைத்தார்; உப்புக் கரித்து முகம் கோணிற்று. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. தினமும் அதே கிணற்றில் கைகழுவியும் எனக்குத் தோன்றவில்லையே!

"வீட்டுல ஊத்துத் தண்ணி இருக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று அவள் ஓடினாள். அந்தத் தண்ணீரில் பல்பு எரியவில்லை. அப்புறம் பிள்ளைகளில் யார் உட்கார்ந்தார்கள்? ஆளுக்கொரு கிணற்றுத் தண்ணீரோடு வந்து நின்றார்கள். எது எவ்வளவு எரிகிறது என்று வரிசைப்படுத்தினோம். மணி அடித்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு மையத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் சைக்ளோஸ்டைலில் நகலெடுத்த தாள் வந்தது: முதலில் உங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதியுங்கள். அடுத்த கோடையில் அந்தப் பாடத்தை எடுக்க என்னையே அழைத்தார்கள். ஆசிரியர்கள் முன்னால் நின்று எங்கள் கிணற்றுக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கடலோரப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் எரிஞ்சுச்சு. நான் சோதனையைத் தப்பாச் செஞ்சுட்டேன்னு நினைச்சு, பிள்ளைங்ககிட்ட மறைச்சுட்டேன்" என்றார்.

எனக்கிருந்த வெட்கமும் போயிற்று. சாப்பாட்டு வேளையிலும் அவரவர் ஊர்க் கிணறுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.