கவிழ்ந்தால் நிமிரும் படகு

எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் ஒரே ஒரு பயணத்து உறவுதான். அப்பா சின்னப் பையனாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தபோது, ராமேஸ்வரம் சேரும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாராம். அப்படிப்பட்டவர், கோத்தகிரிப் பக்கம் மலைமேல் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கடலில் ஆபத்துக்குப் போகும் உயிர்காக்கும் படகு ஒன்றைச் செய்தார். பெரிய படகில்லை. தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம்.

தேயிலைக்கு விலை இல்லாமல் போயிருந்த காலம் அது. அப்பா பிட்டராக இருந்த பேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடி, பிறகு எப்போதாவது ஓடி, கடைசியில் பூட்டிக்கிடந்தது. எஸ்டேட்டில் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை மட்டும் இருந்தது. அந்த வேலை இருந்ததால்தான் லைன் வீடும் இருந்தது.

கொச்சியில் பைபர் படகு செய்யும் பட்டறையில் சித்தப்பா வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வெறும் படகுக் கூடு ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு மோட்டாரும் ரிமோட்டும். கப்பல் கம்பெனிக்காரர்கள் வந்தால் ஓட்டிக் காட்ட முதலாளிக்கு ஒரு மாதிரிப் படகு வேண்டுமாம். பட்டறையில் இருந்தவர்கள் செய்து பார்த்து அலுத்துவிட்டார்களாம்.

"சும்மா ஓடுனாப் பத்தாது அண்ணே. கவுத்துவிட்டா தானா நிமிரணும். நிமிந்திருச்சுன்னா ஒங்களுக்கு அங்க வேலைன்னு மொதலாளி சொல்லிட்டாரு" என்றார் சித்தப்பா.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாளே பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டில் கப்பல் தயாராகிறது என்று அறிவித்துவிட்டேன். எங்கே விடப்போகிறாய் என்று டீச்சர் கேட்டார். கொச்சியில் என்றேன். அப்பா சனிக்கிழமைதோறும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வருவார் என்பதுவரை என் மனதில் முடிவாகியிருந்தது. கொச்சி எவ்வளவு தூரம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

படகின் உள்பக்கம் பைபர் நார் சிலிர்த்துக்கொண்டு நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான்தான். கையெல்லாம் அரித்து, வகுப்பில் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். சொறியும்போதுகூடப் பெருமையாக இருந்தது. சைக்கிள் கம்பியைத் தேய்த்து, படகைத் தள்ளும் விசிறிக்குத் தண்டாக்கினார் அப்பா. பித்தளைத் தகட்டை வெட்டி விசிறி. செத்துப்போன பேட்டரியின் ஈயத்தை உருக்கி அடியில் பாரம். மேலே ஸ்க்ரூ போட்டு முடுக்கிய, காற்று நிரம்பிய அறை. உயிர்காக்கும் படகு ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். பேக்டரியில் மிச்சமிருந்தது மெஷினுக்கு அடிக்கிற செம்மண் நிறப் பெயிண்ட். அதையே அடித்தோம்.

பேக்டரிக்குக் கீழே இருந்த குட்டையில் விட்டதும் படகு சொன்ன பேச்சுக் கேட்டது. ரிமோட் என் கையில். இடப்பக்கம், வலப்பக்கம், நேரே. அப்பா குச்சியால் தள்ளிக் கவிழ்த்தார். அவ்வளவுதான். செத்த மீன் மாதிரி வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்து, உள்ளே புகுந்த தண்ணீரைக் கொட்டி, இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்தார். பாரம் தாங்காமல் மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு ஓடியது. ஈயத்தைக் குறைத்தார். மறுபடி கவிழ்ந்தது, மறுபடி கிடந்தது. அம்மா கரையில் நின்று பார்ப்பாள், போய்விடுவாள். படகை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

சித்தப்பா படகைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா படகை வாசல்படியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஓடுகிற மட்டும் ஓடட்டும், நம்மால் ஆகவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்த அம்மா, கூடையை இறக்கிவைத்தாள். இடுப்பில் படங்கு அப்படியே இருந்தது. செடிக்குச்சியும் மழையும் சேலையில் படாமலிருக்கச் சுற்றிக்கொள்கிற, ரப்பர் பூசிய தடித்த துணி அது. அந்த மாதம்தான் புதிதாக வாங்கியிருந்தாள். படகை எடுத்துத் துணி துவைக்கிற தொட்டிக்குப் போனாள். தலைகீழாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள்.

"மேல் அறை உக்காருற எடத்துல காத்து போவுதுங்க. அது நின்னாத்தான் இது எந்திரிக்கும்."

படங்கை அவிழ்த்தாள். மேல் அறையைக் கழற்றி அதன்மேல் வைத்து, சுற்றளவுக்குக் கத்தரித்து, ஒரு பட்டையை அப்பாவிடம் நீட்டினாள்.

"புதுசாச்சே" என்றார் அப்பா.

"வச்சு நல்லா முடுக்குங்க."

அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு ஸ்க்ரூவைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை லைனே குட்டைக் கரையில் நின்றது. சித்தப்பா தன் கையாலேயே தள்ளிக் கவிழ்த்தார். செம்மண் நிற வயிறு தெரிந்தது. நான் ரிமோட்டைப் பலங்கொண்ட மட்டும் அழுத்தினேன், அதனால் ஏதோ ஆகப்போகிற மாதிரி. படகு ஒரு பக்கமாக ஆடியது. சட்டென்று புரண்டு எழுந்து, தண்ணீரை உதறிக்கொண்டு எங்களைப் பார்த்து ஓடிவந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சித்தப்பா அப்பாவைக் கட்டிக்கொண்டார். அப்பா அந்தப் பிடியிலிருந்தே திரும்பி அம்மாவைத் தேடினார்.

அம்மா மட்டும் தட்டவில்லை. "நிமிந்திருச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஓடி, எல்லாரும் தட்டும்போது நீ மட்டும் ஏன் தட்டவில்லை என்று சண்டைக்குப் போனேன். அவள் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைகளை மடித்து அடுக்கினாள். மடித்த சட்டைக்கும் பொத்தான் போட்டாள். அப்பா சனிக்கிழமைதோறும் வந்துவிடுவார் என்று சொன்னேன்.

"ஆமா, வருவாரு" என்றாள், நிமிராமல்.

ஓரம் வெட்டுப்பட்ட படங்கு ஆணியில் தொங்கியது. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. புதுப் படங்கு வீணாய்ப் போன வருத்தம்தான் அம்மாவுக்கு. முதல் சம்பளத்தில் முழுசாக ஒன்று வாங்கித்தரச் சொல்கிறேன் என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.