எட்டு மணிக்குத் தனி ஆவர்த்தனம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ‘நான் அந்தப் பக்கமே வரவில்லையே’ என்று யாரும் மறுக்கக் கூடாது பாருங்கள்!

மேடையில் மூன்று பேர். மிருதங்கத்தோடு என் தங்கை மகன் சங்கரன், பேஸ் கிதாரோடு ஜோசப், வீணையில் ஒயரை ஒட்டிக்கொண்டு வசந்தா. மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயரும் நானும். மூன்றாவது வரிசையில் மிருதங்க சார். சமையற்கட்டு வாசலில் காண்ட்ராக்டர் கிட்டு. மற்றபடி முந்நூறு விருந்தாளிகள். ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்த வியாபாரி வீட்டுக் கல்யாண ரிசப்ஷன்.

மேடையிலிருந்த மூவரும் கரமனையில் ஒரு சங்கீதப் பள்ளியில் படிப்பவர்கள். ஜோசப்பின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் ‘ஃபங்க்’ என்று ஒரு சமாசாரம் இருந்தது. பேஸ் கிதார் குதிக்கும், டிரம் கொஞ்சம் தள்ளி விழும், கேட்பவன் கால் அவன் பேச்சைக் கேட்காது. அதில் கல்யாணி ராகத்தைக் கலந்து, மேலே செண்டை மேளக் கணக்கைத் தூவினால் என்ன? இது இவர்கள் யோசனை. சாம்பாரில் ஐஸ்கிரீமைப் போட்டால் என்ன என்று எனக்குக்கூடத் தோன்றியதில்லை!

போகட்டும். என் கவலை வேறு.

மிருதங்க சார்தான் அந்தப் பள்ளிக்கு எல்லாம். கரண்ட் பாயும் வாத்தியத்தோடு சேர்ந்து வாசிக்கிறவன் பெயரை ரிஜிஸ்டரிலிருந்து வெட்டிவிடுவார். ஏற்கெனவே இரண்டு பேரை வெட்டியிருக்கிறார். சங்கரனுக்கோ கடைசி வருஷம். சார் கையெழுத்துப் போட்டால் பரீட்சை, பிறகு சர்ட்டிஃபிகேட், பிறகு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார் வேலை. போடாவிட்டால்? என்னோடு மைக் செட் தூக்க வேண்டியதுதான். நான் எட்டாம் கிளாஸோடு நின்றவன். சர்ட்டிஃபிகேட் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்கிற ஜாதி.

அப்படிப்பட்ட சார், மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிட்டார். ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு மேடை ஓரமாகச் சங்கரனிடம் ஓடினேன்.

“டேய்... சார் வந்திருக்காருடா!”

“கண்டேன் மாமா. ஒண்ணும் சம்பவிக்காது. அவருக்கு தூரத்துல முகம் தெரியாதே.”

“முகம் தெரியாது. கை? நீ தனியா ரெண்டு தட்டு தட்டினா போதும், யார் கைன்னு சொல்லிருவாரே! தனி வேண்டாம்.”

“தனி இல்லாம என்ன கச்சேரி? ஆறு மாசமா அதுக்குத்தான் சாதகம்.”

கேட்டானா? எட்டு மணிக்குக் கிதாரும் வீணையும் நின்றன. மிருதங்கம் மட்டும் பேச ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடினால் காது மூடுமா? ஒரு சத்தம்... முந்நூறு இரும்பு நாற்காலிகள் நகரும் சத்தம்!

நம் ஜனங்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? கச்சேரியில் தனி ஆரம்பித்தால் அது காபிக்கான மணி. பாட்டு எந்த தேசத்துப் பாட்டாக இருந்தால் என்ன? மிருதங்கம் தனியாகக் கேட்டதும் கால்கள் தாமாக எழுந்து சாப்பாட்டு ஹாலுக்கு நடந்துவிட்டன. ‘என் தனிக்கு ஒருத்தரும் உட்கார்றதில்லை’ என்று ஆயுள் முழுக்கப் புலம்பும் மிருதங்க சார் எங்கே? அவர்தான் முதல் ஆள்! துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாய்...

சங்கரன் இருபது நிமிஷம் வாசித்தான். நன்றாகவே வாசித்தான் என்று நினைக்கிறேன். கேட்டது நானும், தூங்கிவிட்ட ஒரு மாப்பிள்ளை வீட்டுத் தாத்தாவும்.

“ஒரு மனுஷன் இருந்தானா மாமா?” அவன் கண் கலங்கிவிட்டது.

“இல்லடா. அதனாலதான் நீ பொழைச்சே!”

சார் வெற்றிலையோடு வெளியே வந்தார். “பால் பாயசம் பிரமாதம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னாலேயே கிட்டு வந்தார். பையனைக் கட்டிக்கொள்ளாத குறை.

“அண்ணாச்சி, இருபது வருஷமா பந்தி போடறேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்தும், ஒருத்தர் எழுந்திருக்க மாட்டா. இன்னிக்கு எட்டு மணிக்கு முதல் பந்தி நிறைஞ்சுது கேட்டேளா! அடுத்த மாசம் நாலு கல்யாணம். இந்தக் குழந்தைகள்தான் வாசிக்கணும். வேற என்ன வேணா மாத்திக்கட்டும். அந்தத் தனி மட்டும் டாண்ணு எட்டு மணிக்கு!”

இப்படித்தான் உயர்ந்தது நம் ஃபங்க் கோஷ்டி. ஒரே முகூர்த்த சீசனில் நாகர்கோவில், கொல்லம் எல்லாம் ஆயிற்று. பத்திரிகையில் படம் வந்தது. ‘புதுமை இசை’ என்று எழுதினார்கள். எழுதியவர் தனி வரைக்கும் உட்கார்ந்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

படம் வந்தால் சாருக்குத் தெரியாமல் போகுமா? கூப்பிட்டு அனுப்பினார். சங்கரனோடு நானும் போனேன்.

சார் பத்திரிகையை மடித்து வைத்தார். “கரண்ட் வாத்தியமோ?”

“ஆமா சார்.”

“ஹும்... தை மாசம் என் பொண்ணு கல்யாணம். நீங்கதான் வாசிக்கணும். தனியை ஏழரைக்கே வெச்சுக்கோ. சம்பந்தி வீட்டுக்காரா சீக்கிரம் சாப்பிடறவா.”

கையெழுத்து அங்கேயே விழுந்தது.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பரீட்சையும் எழுதியாயிற்று. சர்ட்டிஃபிகேட் மட்டும் சார் மேஜை டிராயரில் இருக்கிறது. ‘நாளைக்கு வா’ என்கிறார். அது கைக்கு வருகிற வரை கச்சேரிப் பணத்தைப் பற்றி எவன் வாய் திறப்பான்?

சார் தர வேண்டியது நூற்றைம்பது ரூபாய்.