நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்

இன்றைக்கும் அந்த அறிவிப்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் ஓடியது, மற்றது பழுது. சிங்கவரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம். அதுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு தளத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வருஷம் தனக்கு வயசு தாண்டிவிடும் என்று வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள்.

மணி நாலேகால். படிவம் முழுக்க நிரப்பியாகிவிட்டது. பாக்கி போட்டோ மட்டும். ஸ்டுடியோக்காரர் கொடுத்த படம் பெரிதாக இருந்ததால் தளம் ஏற்கவில்லை. இதெல்லாம் ஒரு வேலையா என்று பெயின்ட்டைத் திறந்தேன். கம்ப்யூட்டர் வாங்கும்போதே கூட வருகிற, படம் வரைய, சுருக்க உதவும் சாதாரண பெயின்ட். திறக்கவில்லை. கட்டுப்பாடுகள் இருப்பதால் இச்செயல் ரத்து செய்யப்பட்டது, உங்கள் நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது.

எந்த நிர்வாகி? இந்தக் கடைக்கு முதலாளியும் நான், கூட்டிப் பெருக்குகிறவளும் நான். செட்டிங்ஸைத் திறந்தேன், அதே பெட்டி. கண்ட்ரோல் பேனல், அதே பெட்டி. டாஸ்க் மேனேஜர் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன்; அது ஆடி அசைந்து பாதி தூரம் போவதற்குள் நாலரை தாண்டிவிட்டது. சர்வீஸ்காரருக்கு ஐந்து முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் வாய்விட்டுத் திட்டினேன்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, நான் வேணா வேற கடைக்குப் போய்ப் பாக்கட்டுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒரு போட்டோவைச் சுருக்க எதிர்க் கடைக்குப் போவாளாமா? அஞ்சே நிமிஷம், உட்காரு என்று அதட்டினேன். உட்கார்ந்துவிட்டாள். படத்தைச் சுருக்கித் தரும் இணையதளங்கள் எத்தனையோ இருக்கின்றன. கோபத்தில் அவற்றில் ஒன்றுகூட என் புத்திக்கு எட்டவில்லை. பெயின்ட்டைத் திறக்கவைத்தே தீருவது என்று அதோடு மல்லுக்கு நின்றேன்.

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது சர்வீஸ்காரர் கூப்பிட்டார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாராம். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"இன்னாம்மா, நீதான சொன்ன, பசங்க கண்டதையும் நோண்டுறானுங்க, யாரும் நோண்டாத மாதிரி பூட்டிக் குடுங்கண்ணான்னு? அதான் ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் பூட்டிட்டேன். அட்மின்னு தனியா ஒண்ணு போட்டு, பாஸ்வேர்ட வாட்ஸ்அப்ல அனுப்பினனே, பாக்கலியா?"

சொன்னேன்தான். காலேஜ் பையன் ஒருவன் திரையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டுப் போன ஆத்திரத்தில் சொன்னேன். இந்த மனுஷர் தினமும் காலையில் அனுப்பும் தாமரைப்பூ வணக்கங்களைப் பார்க்கச் சகிக்காமல் அவருடைய செய்திகளைத் திறப்பதையே விட்டிருந்தேன். இப்போது திறந்தால் வணக்கம், வணக்கம், வணக்கம்; நடுவில் பாஸ்வேர்ட். அதைப் போட்டு அட்மினாக உள்ளே போனேன். பெயின்ட் ஒன்றும் நடக்காதது போல் திறந்தது. படத்தைச் சுருக்கி, மறுபடி தளத்துக்குள் நுழைந்து ஏற்றினால், விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்றது. மணி ஐந்து மூன்று.

அழுவாள், என்னோடு சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாள். போனில் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"உடுக்கா. மிஷினு இப்டி பண்ணா நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள்.

"ஆமாம்மா, மிஷினுதான்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.