உம்மாவின் இடது கண்

மாலையானால் உம்மாவின் இடது கண் மட்டும் எங்களையெல்லாம் விட்டுவிட்டு முதலில் தூங்கப் போய்விடும். காலையில் இரண்டு கண்களும் சேர்ந்தே விழிக்கும். தாராவியில், வாப்பாவின் தோல்பை பட்டறைக்கு மேல்தான் எங்கள் அறை. தோல் வாசனையும் தையல் மிஷின் சத்தமும் பலகை இடுக்கு வழியே ஏறி வரும். அந்தச் சத்தத்துக்குள் உம்மா சோற்றை மென்றுகொண்டே இருப்பாள். பாதியில் தாடையும் சோர்ந்து நின்றுவிடும்.

எண்பதுகளின் நடுவில், பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் டாக்டரம்மா ஒருவர் ஊசி போட்டார். சரிந்த இமை கடை ஷட்டர் போல மேலே ஏறியது. சில நிமிடங்களில் இறங்கிவிட்டது. கிருமியோடு சண்டை போட ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளில் ஒரு வகை ஆள் மாறிப்போய், மூளையின் உத்தரவைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தையே அடைத்துவிடுகிறதாம். மாத்திரை எழுதித் தந்தார். இமையில் ஐஸ் வைத்தால் கொஞ்ச நேரம் திறக்கும் என்றும் சொன்னார். தெருமுனையில் கரும்புச்சாறு விற்கும் இந்திக்கார பையாவிடம் ஐஸ் வாங்கி வருவது என் வேலை. வரும் வழியில் பாதி என் வாயில் கரையும்.

இன்றும் பேப்பரில் எந்த நோயைப் பற்றிப் படித்தாலும் மதியத்துக்குள் அது எனக்கு வந்துவிடும். அந்தப் பழக்கம் அப்போது தொடங்கியதுதான். ஒரு சாயங்காலம் வாய்ப்பாடு படிக்கையில் என் இமையும் சரிந்தது. அவ்வளவுதான். உம்மாவின் ஐஸ்கட்டியைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டு, கீழே மிஷின்களெல்லாம் நின்றுபோகும்படி அலறினேன்: “உம்மா நோய் எனக்கும் வந்துட்டு!”

மறுநாள் வாப்பா கூட்டிப்போக, உம்மாவோடு என்னையும் பார்த்தார் டாக்டரம்மா.

“இதுக்குப் பேரு தூக்கம்” என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு உம்மாவிடம், “இவன் பொறந்தப்ப நல்லாப் பால் குடிச்சானாம்மா?” என்று கேட்டார்.

“எங்க குடிச்சான்! அழுதாக்கூட சத்தம் வராது, பூனைக்குட்டி மாதிரி முனங்குவான். ஒரு மாசம் சங்குலதான் ஊத்துனேன். பொறவு தானாச் சரியாயிட்டு.”

“அன்னைக்குச் சேத்து வச்ச சத்தம்தான் டாக்டர், நேத்து வெளிய வந்துச்சு” என்றார் வாப்பா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த எதிர்ப்பொருள் அப்போதே உம்மாவின் ரத்தத்தில் இருந்திருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கும் போயிருக்கலாம். பிள்ளை உடம்பில் புதிதாக ஊறாததால் சில வாரங்களில் கரைந்து போயிருக்கும் என்றார்.

“அப்போ நாந்தான் குடுத்தனா?”

“நீங்க இல்லம்மா. உங்க ரத்தம்.”

திரும்பும் பஸ்ஸில், ஒன்பது வயதுக் கழுதையான என்னை உம்மா மடியில் இழுத்து வைத்து இறுக்கிக்கொண்டாள். என் உச்சந்தலை நனைந்தது. நான் தின்ற ஐஸ் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“இனிமே ஐஸைத் திங்க மாட்டேம்மா, அல்லா மேல சத்தியம்.”

அவள் அழுகை கூடியது. வெளியே சாயங்காலம். உம்மாவின் இடது கண் அதற்குள் மூடியிருந்தது. மூடிய கண்ணிலிருந்தும் கண்ணீர் வரும் என்பது மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்தது.